காப்புநகல் இருந்தும் காத்திருந்த இரவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் உள்ள கணக்குகளுக்கு பேக்கப், அதாவது காப்புநகல், எடுத்து வையுங்கள் என்ற அறிவுரை நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. தேவையான அறிவுரைதான். ஆனால் அப்படி எடுத்து வைத்த நகலைத் திரும்பப் பெற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. மதுரையில் சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கீழமாசி வீதியில் உள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் பில், சரக்கிருப்பு, ஜிஎஸ்டி கணக்கு ஆகிய அனைத்தும் ஒரே வெர்ச்சுவல் மெஷினில் இருந்தன. ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளால் பிரிக்கப்பட்டு, தனிக் கணினி போலவே இயங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதன் அளவு 1.2 டெராபைட், அதாவது 1,200 ஜிகாபைட். மாதத்தின் 18ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, சர்வரின் டிஸ்க்குகள் பழுதாகி அது நின்றுவிட்டது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். திங்கள் காலையில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்ற பில் போட்டாக வேண்டும். தினசரி பேக்கப் அரை மணி நேரத்தில் முடிந்து வந்ததால், மீட்பதும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று முதலாளியிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அது தவறான கணக்கு. தினமும் இரவில் எடுக்கப்படுவது அன்றைக்கு மாறிய பகுதி மட்டும்தான், அதாவது ஏறத்தாழ 20 ஜிகாபைட். மீட்கும்போதோ முழு மெஷினும் வந்து சேர வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய மீட்பு, பத்து மணிக்கு 'டைம் அவுட்', அதாவது காத்திருப்பு நேரம் முடிந்தது, என்ற அறிவிப்புடன் அறுந்தது. உடன் இருந்த தம்பி பேக்கப் மென்பொருளில் காத்திருப்பு நேரத்தை இரு மடங்காக்கி மீண்டும் தொடங்கினார்; மீண்டும் அறுந்தது. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோதுதான் பதிவேடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். மூன்று முறையும் தொடங்கி சரியாக ஒரு மணி நேரத்தில் இணைப்பு அறுந்திருந்தது. இந்த இடத்தைச் சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் தரவின் ஒரே இடத்தில் நின்றால், நகல் கோப்பிலோ அது இருக்கும் டிஸ்க்கிலோ சேதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் நின்றால், நடுவில் எதோ ஒன்று நேரம் பார்த்து இணைப்பைத் துண்டிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே துண்டித்தது ஃபயர்வால், அதாவது வலையமைப்பில் எந்த இணைப்பை அனுமதிப்பது என்று காவல் பார்க்கும் கருவி. தரவு ஒரு இணைப்பில் ஓடிக்கொண்டிருக்க, கட்டளைக்கான மற்றோர் இணைப்பு மணிக்கணக்கில் மௌனமாக இருந்தது. பேச்சில்லாத இணைப்பை ஒரு மணி நேரத்தில் விலக்கிவிடும்படி ஃபயர்வாலில் அமைத்திருந்தார்கள். மென்பொருளின் காத்திருப்பு நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் அது தீராது. அந்த மௌனமான இணைப்பிலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு சமிக்ஞை போகும்படி செய்தோம்.

வேகம் இன்னும் பாக்கி இருந்தது. நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. அந்தக் கணக்கில் 1.2 டெராபைட்டுக்கு முப்பது மணி நேரம் ஆகும். 11 என்ற எண்ணே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், அதில் கொஞ்சம் போக்குவரத்துச் செலவு போனால் கிடைப்பது இதுதான். ஆனால் அங்கே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியோ 1000 மெகாபிட் வேகம் கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, மற்ற விளக்குகள் பச்சையாக மின்ன, பேக்கப் கணினிக்குப் போகும் துளையின் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். இரும்பு பீரோவின் காலுக்கடியில் அது நசுங்கிக் கிடந்தது. 1000 மெகாபிட்டுக்கு கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே 100க்குத் தேவைப்படாத ஒரு ஜோடி கெட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறைந்துவிடுகிறது. இருபது ஜிகாபைட் தினசரி நகல் அந்த வேகத்திலும் அரை மணியில் முடிந்துவிட்டதால், பழுது எத்தனை மாதமாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

கேபிளை மாற்றிய பின், இரண்டரை மணிக்கு மீண்டும் தொடங்கினோம். 110 மெகாபைட்டை எதிர்பார்த்த இடத்தில் 60 கிடைத்தது. ஒரு முழு நகலும் அதன் மேல் நாற்பது நாள் மாற்றங்களும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் அடுக்கியிருந்ததால், துண்டு துண்டாகத் தேடித்தான் படிக்க முடிந்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மெஷின் எழுந்தது. முதலாளி அம்மா தாம் கொண்டுவந்திருந்த காபியை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, இருப்புப் பட்டியல் திரையில் வரும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

மீட்பு தாமதமானால், மென்பொருளில் நேரத்தைக் கூட்டுவதற்கு முன் மூன்று இடங்களைத் தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்: நகலைப் படிக்கும் வேகம், வலையமைப்பின் வேகம், புதிய டிஸ்க்கில் எழுதும் வேகம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டின் பேட்டரி செத்துப்போனால் எழுதும் வேகம் படுத்துவிடும். யுஎஸ்பி 3 டிஸ்க்கை யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நொடிக்கு நாற்பது மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது. கப்பலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பார்த்தேன்: பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரே விழுந்துபோன மெஷினுக்குள் இருந்ததால், பேக்கப் மென்பொருளுக்குப் போய்ச் சேர வேண்டிய சர்வரின் முகவரி கிடைக்காமல் டைம் அவுட் ஆகிக்கொண்டே இருந்தது. பெயருக்குப் பதிலாக எண் முகவரியைக் கொடுத்ததும் வேலை நடந்தது. இன்றைய பேக்கப் மென்பொருள்கள் பலவற்றில், முழுவதும் மீண்டு வரும் வரை காத்திராமல் நகலிலிருந்தே மெஷினை நேரடியாக இயக்கும் வசதி உண்டு. மெதுவாக ஓடினாலும் பில் போட முடியும். கீழமாசி வீதி நிறுவனத்தில் அந்த வசதியை முன்பே சோதித்து வைத்திருந்தால், அன்றிரவு அந்த அம்மா அவ்வளவு நேரம் தவித்திருக்க வேண்டியதில்லை.

எனவே நம் ஊர் வணிகர்களுக்கும், சிறுதொழில் நடத்துவோருக்கும் என் வேண்டுகோள் ஒன்று. பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'தினமும் பேக்கப் எடுக்கப்படும்' என்பதோடு, 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு மெஷினையும் வேறொரு கணினியில் மீட்டுக் காட்டி, ஆன நேரம் எழுதித் தரப்படும்' என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் அதற்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுங்கள், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கள் நாளிதழும் பேக்கப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, மீட்பு நேரத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
மதுரை.