ஆஷி மறையாத முடிவு

அன்புள்ள செல்வம்,

இங்கு அனைவரும் நலம். நீயும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆவணியில் நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை மாதங்கள் பதில் போடாமல் இருந்தது என் தவறு, பொறுத்துக்கொள். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். இன்றிரவே உனக்குச் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது: ஆஷி பிழைத்துவிட்டாள்.

‘சாமுராய் ஜாக்’ கார்ட்டூன் தொடரின் கடைசி அத்தியாயத்துக்காக 2017 மே மாதத்தில் நாம் போட்ட சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். 2001இல் தொடங்கி 2004இல் முடிவில்லாமல் நின்றுபோன அந்தக் கதைக்கு, பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் கார்ட்டூன் நெட்வொர்க் முன் உட்கார்ந்திருந்த நாம் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான், பத்து அத்தியாயங்களில் ஒரு முடிவு கிடைத்தது. ஜாக்கை எதிர்காலத்துக்கு வீசிய அரக்கன் ஆக்கு, ஜாக் கடந்த காலத்துக்குத் திரும்பி வந்ததும் அழிந்தான்; அவனுடைய மகளாகிய ஆஷி, மணக்கோலத்தில் ஜாக்கை நோக்கி நடந்து வரும்போதே தடுமாறி விழுந்து அவன் கைகளில் மறைந்துபோனாள். தந்தையே இல்லாமல் போனபின் மகள் எப்படி இருப்பாள் என்று நீ கேட்டாய். அவள் திறந்த காலவாசல் வழியாக வந்த ஜாக் மட்டும் எப்படி அங்கே நிற்கிறான் என்று நான் கேட்டேன். கணேசன் குறுக்கே வந்து நம் இருவரையும் சாப்பிட இழுத்துப் போகாவிட்டால் அன்று விடிந்திருக்கும்.

அந்தத் தொடரை வைத்து 2020 ஆகஸ்டில் வெளிவந்த ‘பேட்டில் த்ரூ டைம்’ வீடியோ ஆட்டத்தை இந்த மாதந்தான் ஆடி முடித்தேன். ஆஷியோடு கடந்த காலத்துக்குத் திரும்பும் அந்தக் கடைசி நொடியில் ஆக்கு குறுக்கிட, ஜாக் காலத்துக்கும் இடத்துக்கும் நடுவே எங்கோ தனியாக விழுந்து, தான் முன்பு போரிட்ட களங்களில் பழைய பகைவர்களோடு மறுபடியும் மோத நேர்கிறது என்பதுதான் கதை. தொடரை உருவாக்கிய கென்டி டார்டகோவ்ஸ்கியும் இதில் பங்குகொண்டிருக்கிறார். எழுதியவர் தொடருக்கு எழுதிய டாரிக் பாக்மன். ஜாக்குக்கு அதே ஃபில் லமார் குரல் கொடுக்கிறார். மாகோ 2006இல் மறைந்த பிறகு ஆக்குவின் குரலை ஏற்ற கிரெக் பால்ட்வினை இங்கும் கேட்கலாம். நீ விடுதி மாடியில் நடித்துக் காட்டிய அந்தப் பீற்றல்காரன் டா சாமுராய் இதில் கடை வைத்திருக்கிறான் என்றால் நம்புவாயா? அவனிடம் ஆயுதம் வாங்கும்போதெல்லாம் உன் முகந்தான் எனக்குத் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. தொடரில் எனக்குப் பிடித்தது அதன் அமைதி. புல்வெளியில் காற்று வீச, நிமிடக்கணக்கில் ஒரு சொல்லும் இல்லாமல் ஜாக் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம் அல்லவா? ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஒரு கூட்டத்தை வெட்டி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடுகிறது. கறுப்புக் கோடு இன்றி வண்ணங்களாலேயே வரையப்பட்ட அந்த உருவங்கள் முப்பரிமாணத்தில் சற்று விறைத்தும் நிற்கின்றன. ஆனால் மற்ற ஆயுதங்கள் அடிக்க அடிக்கத் தேய்ந்து உடைந்துவிட, தந்தை தந்த வாள் மட்டும் கடைசிவரை உடையாமல் கையில் இருக்கும் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வாளை இழந்து ஐம்பது ஆண்டுகள் அலைந்தவனுடைய வேதனை, ஒவ்வோர் ஆயுதம் உடையும்போதும் நம் கைக்கே புரிகிறது.

முதன்முறை முடித்தபோது வந்தது நாம் அறிந்த முடிவுதான். பிறகுதான் இதில் இன்னொரு முடிவையும் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று கண்டேன். அதில் திருமணம் நடக்கிறது. ஆஷி விழவில்லை, மறையவில்லை, ஜாக்கின் அருகிலேயே நிற்கிறாள். செல்வம், நான் அழுதுவிட்டேன். ரசிகர்களைச் சமாதானப்படுத்த ஒட்டவைத்த முடிவு என்று நீ சொல்வாய். நான் அப்படி நினைக்கவில்லை. தொலைக்காட்சியில் அவள் மறைந்தபோது நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கோ, அவளிடம் திரும்பிப் போவதற்காக இரவு இரவாக நானே வாள் வீசியிருக்கிறேன். அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு அவள் கிடைப்பது நியாயமாகவே படுகிறது.

ஆயினும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. மகிழ்ச்சி அடங்கிய பிறகு, தொடரின் முடிவில் மரத்தடியில் ஜாக் தனியாக அமர்ந்து, கையில் வந்து உட்கார்ந்த சிவப்புப் பொறிவண்டைப் பறக்க விடும் காட்சி நினைவுக்கு வந்தது. சிறுமியாக ஆஷி வியந்து பார்த்ததும், அவளுடைய தாய் நசுக்கிக் கொன்றதும் ஒரு பொறிவண்டுதான். ஜாக்கைக் கொல்லவே வளர்க்கப்பட்ட அவளை, அவன் நல்லவன் என்று நினைக்க வைத்ததும் ஒரு பொறிவண்டுதான். ஆஷி பிழைத்துவிட்டால் ஜாக் அந்த மரத்தடிக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. அந்தக் காட்சியும் இல்லை. 2017இல் நீ அந்தக் காட்சிக்காகத்தான் அவ்வளவு பிடிவாதமாகப் பேசினாய் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்; ஒன்றை விட மனம் வரவில்லை.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருந்தாய். உன் பெயரில் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கி வைத்திருக்கிறேன்; ஓர் அடிகூட முன்னே நகர்த்தவில்லை. கன்ட்ரோலரை நீயே எடுத்து, முதலிலிருந்து போய், அந்தத் திருமணத்தை உன் கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் சண்டை போடு. கணேசனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மாறன்