கடைசிப் பத்து மீட்டர்

அரசலாற்றங்கரை,
புரட்டாசி 10.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். இங்கே குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. நெல்லைத் தார்ப்பாய்க்கு அடியில் மூடிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; ஆண்டுதோறும் நடப்பதுதான், புதிதாக எழுத ஒன்றுமில்லை. உன் பேத்தி விடுமுறைக்கு மன்னார்குடி வந்தால் கைபேசியை விட்டுத் தலை நிமிர்வதே இல்லை என்றும், நானோ இங்கே பிள்ளைகளின் கையில் கைபேசியைக் கொடுத்து வெயிலில் அலையவிடுவதாகக் கேள்விப்பட்டாய் என்றும் எழுதியிருந்தாய். நீ கேள்விப்பட்டது உண்மைதான்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை மட்டும் அறிவிப்பார். மற்றவர்கள் செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைக்கவேண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தவறும். அந்தக் கலப்படம் நின்ற கையோடு, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். அந்த வாளிக்குள் புத்தகம், ஒளிநாடா, கொஞ்சம் பணம் இவற்றோடு டின்னில் அடைத்த பீன்ஸும் இருந்ததாம்.

வெளிநாட்டுச் சரக்கு என்று நீ முகம் சுளிப்பாய். நாம் விளையாடிய கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தை நினைத்துப் பார். மணலைக் கரைபோல் நீளமாகக் குவித்து அதற்குள் குச்சியை ஒளிப்போம். கைகளைக் கோத்து மூடிய இடத்தில் குச்சி இல்லையென்றால், தோற்றவன் கையில் மணலையும் குச்சியையும் ஏந்தவைத்து, கண்ணைப் பொத்தி, நாலு திருப்பம் திருப்பி எங்கோ கொட்டச்செய்து, மறுபடியும் பொத்தியபடியே திரும்ப அழைத்து வருவோம். அவன் அந்த இடத்தைத் தானே கண்டுபிடிக்கவேண்டும். நீ அடிகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போவாய். காலில் சாணம் மிதிபட்டதையும் மாட்டுக்கொட்டகை வாடையையும் வைத்து ஒருமுறை நேரே போய் நின்றாய். அதே வித்தைதான் இது; கண்ணைப் பொத்துவதற்குப் பதிலாக எண்ணைக் கொடுக்கிறோம்.

அந்த எண்ணில் முதலில் சறுக்கியவன் நான்தான். கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியபோது, 10 பாகை (டிகிரி) 56.4 கலை (நிமிடம்) என்பதைப் பலகையில் 10.564 என்றும், 79 பாகை 22.8 கலை என்பதை 79.228 என்றும் எழுதிவைத்தேன். கைபேசி ஒரத்தநாட்டுக்கும் தெற்கே, ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இடம் காட்டியது. "பஸ்ஸில் போகணுமா தாத்தா?" என்று ஒரு பொடியன் கேட்டான். ஒரு பாகைக்கு அறுபது கலை, ஆகவே 56.4-ஐ அறுபதால் வகுக்கவேண்டும், விடை 10.940 என்பதை அன்று அவர்களே போட்டுப் பார்த்து என்னைத் திருத்தினார்கள். ஒரு கலை என்பது தரையில் ஏறக்குறைய 1,850 மீட்டர்; கலையின் மூன்றாம் தசமத்தில் ஓர் எண் மாறினால் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே இடம் நகரும். தசமத்தைக் காலால் நடந்து கற்ற பிள்ளைகளுக்கு அது மறக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைப்பது கணக்கைப் பற்றியன்று. வெட்டவெளியில் கைபேசி ஐந்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். மரத்தழைக்கு அடியிலும் சுவரோரத்திலும் சமிக்ஞை மறைந்தும் மோதித் திரும்பியும் வருவதால் பத்து மீட்டர், சில வேளை அதற்கும் மேல், பிசகும். அந்தக் கடைசிப் பத்து மீட்டருக்குக் கருவி உதவாது. அங்கேதான் பிள்ளை தலையை நிமிர்த்துகிறது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எண்ணியே இதை எழுதுகிறேன். பழைய வண்டிப்பாதையில் இலுப்பை மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். அம்புக்குறி மரத்தைக் காட்டியது. மரத்தடிக்குப் போனால் வாய்க்காலைக் காட்டியது. வாய்க்காலுக்குப் போனால் மறுபடியும் மரத்தை. மூன்று சுற்று சுற்றினாள். நான் எழுதிவைத்த குறிப்பு, "தலையில் உள்ளதை இங்கே இறக்கலாம்" என்பது மட்டுமே. கைபேசியைப் பாவாடை மடியில் செருகிக்கொண்டு சும்மா நின்றாள். அந்நேரம் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி, மரத்துக்கு அப்பால் நட்டிருந்த இரண்டு கல்லின்மேல் கிடத்திய கல்லில் கட்டை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். அந்தக் கல்லில் எத்தனையோ நாள் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டியவள்தான் இவள். அது எதற்கு என்று அன்றுவரை கேட்டதில்லை. சுமைதாங்கி என்றும், பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது என்றும் பாட்டி சொன்னார். அதன் பின்புறம், உடைந்த செங்கல்லுக்கு அடியில் எவர்சில்வர் சம்படம் இருந்தது. நோட்டில் தன் பெயரை எழுதியவள், கீழே பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதினாள்.

மலையோ குன்றோ இல்லாத நம் சமவெளியில் குறிப்பு எழுதுவது கடினம். ஆங்கிலேயர் காலத்து நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டனுக்கும் இதே தொல்லை இருந்தது. 1802-இல் சென்னையில் தொடங்கிய நில அளவை தஞ்சைக்கு வந்தபோது, உயரமான இடம் தேடி அவர் கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினார். 1808-இல் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது; மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார். பிள்ளைகளைத் தஞ்சைக்கு அழைத்துப் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். ஆனால் அங்கே டப்பா எதுவும் வைக்கவில்லை. கூட்டம் கூடும் இடத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் காவலர் வருவார், வரத்தான் வேண்டும். அதுபோன்ற இடங்களில் டப்பா இல்லாமலே ஆடலாம்: அளவைப் பிடித்து வந்து, கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரியும் கேள்விக்கு விடை எழுதவேண்டும். அமெரிக்க நிலவியல் கழகம் 2004-இல் எர்த்கேச் என்று தொடங்கியது இவ்வகைதான். அரசலாற்றுக் கரை அரித்த இடத்தில் மணலும் களியும் மாறி மாறி எத்தனை அடுக்கு என்று எண்ணச்சொன்னேன். ஒருவன் ஏழு என்றான், ஒருவன் ஒன்பது என்றான். சண்டை இன்னும் தீரவில்லை.

தேடுவதைவிட ஒளிப்பதில் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்பது என் கட்சி. ஒளிப்பவன் நிலத்துக்குரியவரிடம் கேட்கவேண்டும், பாம்புப் பொந்து, கிணற்றடி, தண்டவாள ஓரம் இவற்றைத் தவிர்க்கவேண்டும், மண்ணைத் தோண்டக்கூடாது, நாலு பருவத்தையும் நினைக்கவேண்டும். மே மாதத்தில் வறண்ட மதகின் பொந்தில் ஒரு குழு சம்படத்தை வைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்த செய்தி வந்ததும் ஒருவனுக்கு உறைத்தது. கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும் என்று மற்றவர்கள் மெத்தனமாக இருந்தார்கள். முறை வைத்துத் திறந்த தண்ணீர் ஓரிரவில் வந்துவிட்டது. நாலாம் நாள் அடுத்த மதகில் வெங்காயத்தாமரைக்கு நடுவே சம்படம் சிக்கிக் கிடந்தது. நோட்டு கூழாகியிருந்தது. இப்போது அந்தக் குழு, எங்கே வைப்பதென்றாலும் முதலில் மதகுகளைக் கவனிக்கும் லஸ்கரிடம் போய் நிற்கிறது.

பேத்தியின் கைபேசியைப் பிடுங்காதே. தீபாவளி விடுமுறையில் இங்கே அழைத்து வா. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் இறங்கு. அளவை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அதுவும் கலைக் கணக்கில்தான், அவளே மாற்றிக்கொள்ளட்டும். அவளுக்குக் கடலைமிட்டாய் என் கையாலேயே தருவேன். டப்பாவுக்குள் தின்பண்டம் கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி. அல்மர் வைத்ததாவது டின்னில் அடைத்த பீன்ஸ், நம் பொடியன் கடலைமிட்டாயைக் காகிதத்தில் சுற்றி வைத்தான். மறுநாள் சம்படத்தைத் திறந்த பெண் கையை உதறிக்கொண்டு ஓடியதும், கட்டெறும்பு நோட்டுவரை ஏறியிருந்ததும் நேரில் சொல்லவேண்டிய கதை.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்