அது புகை அல்ல, நீராவி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் குளிர்காலப் பராமரிப்புக் கட்டுரையில், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மெஷினைப் பற்றி, "ஹீட் பம்பின் வெளி யூனிட்டிலிருந்து புகை வந்தால் பழுது என்று பொருள், உடனே மெயின் சுவிட்சை அணைக்கவும்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அது புகை அல்ல, நீராவி. தங்களுக்குத் தெரியாததா? வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்க வேண்டுமானால், வெளி யூனிட்டின் காயில், அதாவது வெப்பத்தைக் கடத்தும் கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருந்தாக வேண்டும். வெளியே 3 டிகிரி இருக்கும்போதே காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காற்றிலுள்ள ஈரம் அதன் தகடுகளில் உறைபனியாகப் படியும். விட்டால் இடுக்குகள் அடைத்துக்கொண்டு காற்றே நுழையாது. அதனால்தான் மெஷின் தானாகவே கேஸ் ஓடும் திசையை மாற்றும் வால்வைத் திருப்பி, சில நிமிடங்கள் ஏசி மாதிரி வெப்பத்தை வெளியே தள்ளி ஓடுகிறது. வெளி ஃபேன் நிற்கும். கம்ப்ரசரின் சூடான வாயு காயிலுக்குள் பாயும். 'புஸ்'ஸென்று சத்தம் கேட்கும், பனி உருகி ஒழுகும், ஆவி எழும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்து, வீடு மறுபடி சூடாகத் தொடங்கும்.

என் மாமியார் தனியாக இருந்த ஒரு ராத்திரி, இந்த ஆவியைப் பார்த்துப் பதறிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டார். காலையில் நாங்கள் போனபோது மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பாதி உருகிய பனி காயிலோடு கட்டியாக இறுகிக் கிடந்தது. மெஷினை மாட்டியவர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ரிமோட்டைக் கையில் கொடுத்ததோடு கிளம்பிவிட்டார். பிறகு பார்க்க வந்தவரோ பனியைக் கத்தியால் சுரண்டினார். குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் முழுவதும் போயிற்று. எண்பது வயதுப் பெண்மணி ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை, வெளி யூனிட்டைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள் என்று படத்தோடு போட்டீர்கள். மூடினால் காற்றுக்கு எங்கே போகும் அது? கடுங்குளிரில்தான் பனி அதிகம் படியும் என்றும் எழுதினீர்கள். கடுங்குளிர்க் காற்றில் ஈரமே குறைவு. பூஜ்யத்தை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் தொல்லை அதிகம். இரண்டு முறையும் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. இத்தனை வருஷம் தங்கள் இதழை நம்பிப் படிக்கிறவனுக்கு அது வலிக்கிறது.

கருகல் நாற்றம் வந்தால் அணைக்கட்டும், நான் மறுக்கவில்லை. மணிக்கணக்கில் பனிக்கட்டி கரையாமல் யூனிட்டை மூடியிருந்தால் சென்சாரோ வால்வோ கெட்டிருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். கட்டுரையில் வந்திருக்க வேண்டியது இதுதான்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் அல்ல, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்