பீர்க்கங்காய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பி வைத்த மொரீஷியஸ் பயணம் நல்லபடியாக முடிந்து நேற்று ஊர் வந்து சேர்ந்தோம். ஏழு நாளும் அப்பாவுக்குக் கால்வலியே வரவில்லை. இரண்டு சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தோம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஷமரேலில் ஏழு நிற மண்ணையும் பார்த்தாயிற்று. சரி, எனக்கு மனசில் நிற்பது வேறு.

மூன்றாம் நாள் போர்ட் லூயிஸ் சந்தைக்குப் போனோம். கடையில் இருந்த அம்மா ஒரு கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி "ப்ரெட் முரும்" என்றார். பார்த்தால் நம் முருங்கைக்கீரை! கீரையைத்தான் அங்கே ப்ரெட் என்கிறார்கள். பக்கத்திலேயே பீர்க்கங்காய் குவித்திருந்தது. பெயர் கேட்டேன். "பிபங்காய்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, பேச்செல்லாம் அந்தத் தீவின் கிரியோல் மொழிதான். நான் "பீர்க்கங்காய்" என்று நிறுத்திச் சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். அந்த 'ர்க்' வரவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு காயைக் கூடுதலாகப் பையில் போட்டார்.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் ஆப்ரவாசி காட், அந்தக் காலத்தில் கூலி வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள் இறங்கிய துறை. அந்தத் தீவில் அடிமை முறை 1835-ல் ஒழிந்தது. அதற்கு முந்தின வருஷமே கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு நம் நாட்டு ஜனங்களைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். 1920 வரைக்கும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேராம். பீகார் பக்கத்தவர்கள்தான் அதிகம், ஆனால் மெட்ராஸிலிருந்தும் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கியவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். இவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருந்த அம்மாக்களுக்கு, பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்றாவது தெரிந்திருக்குமா? நீ விமானம் இறங்கியதும் அனுப்பும் ஒரு வரிச் செய்திக்காக நான் தூங்காமல் கிடந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

எங்களுக்குக் கார் ஓட்டிய பையனின் எள்ளுத்தாத்தா அப்படி வந்தவராம். அவரைப் பற்றிய பதிவை மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்திருக்கிறான். தமிழ் பேச வராது. ஆனால் கோவிலுக்குக் "கோவில்" என்றுதான் சொல்கிறான், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். அன்றைக்கு அங்கே அரசு விடுமுறை தெரியுமா! ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. உனக்கென்று ஒரு நோட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

சந்தையில் வாங்கிய பீர்க்கங்காயை அவன் வீட்டுக்கே கொடுத்துவிட்டோம். மறுநாள் அவன் அம்மா சமைத்து அனுப்பினார். பூண்டு தூக்கலாக இருந்தது. அப்பா வழித்துச் சாப்பிட்டார்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது குட்டியைக் கொஞ்ச நேரம் என்னிடம் விடு. காய்கறிப் பெயரெல்லாம் சொல்லித் தரப்போகிறேன். பீர்க்கங்காயிலிருந்து ஆரம்பம்.

அன்புடன்,
அம்மா