மர்ம நாவல் கூடாது என்ற என் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள வாசகர் வட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால், நம் வட்டத்தின் மூன்றாவது கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். கொலை, மர்மம், துப்பறிதல் வகை நாவல்களை மாதப் புத்தகமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அது. எல்லோரும் கை தூக்கினீர்கள். டீ வந்துவிட்டதால் சிலர் அவசரமாகத் தூக்கினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை நோட்டில் எழுதியதோடு நிற்காமல், நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டவைத்தேன். ஊரறிய ஒட்டியதை ஊரறியத்தான் கிழிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் திறந்த மடல்.

அன்று நான் சொன்ன வாதம் உங்களுக்கு நினைவிருக்கலாம். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகம் சக்கை என்றேன். கரும்புச்சாறு கடைக்காரராவது சக்கையை மடித்து இன்னொரு தடவை மெஷினில் விடுவார், நாம் அதைக்கூடச் செய்யமாட்டோம் என்றும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

போன மாதம், கடைசி வரிசையில் உட்காரும் கல்லூரி மாணவி ஒருவர் என் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்தார். "சார், ஐம்பது பக்கம் படிங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க." அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீசியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி'. உளவியல் த்ரில்லர் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. மரியாதைக்காக வாங்கிப் பையில் வைத்தேன்.

கதையை ஓரளவு சொல்லித்தான் ஆகவேண்டும், கோபிக்காதீர்கள். கொலைகாரன் யார் என்பது இதில் ரகசியமே இல்லை. டாம் ரிப்ளி நியூயார்க்கில் வேலைவெட்டி இல்லாமல் திரியும் 25 வயது இளைஞன். வருமான வரி அதிகாரி போல நடித்து ஆட்களை மிரட்டிக் காசோலை வாங்குகிறான். அந்தக் காசோலைகளை அவனால் மாற்றவே முடியாது, ஆனாலும் சேர்த்து வைத்திருக்கிறான். கப்பல் கட்டும் தொழிலதிபர் ஒருவர், இத்தாலியில் கடலோரக் கிராமத்தில் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்துவிட்ட தன் மகன் டிக்கியைக் கூட்டிவரச் சொல்லி, செலவுக்குப் பணம் கொடுத்து டாமை அனுப்புகிறார். டாம் போகிறான், டிக்கியோடு ஒட்டிக்கொள்கிறான். டிக்கிக்கு அவன் சலித்துப்போகிற நேரத்தில், சான் ரேமோ கடலில் ஒரு படகில் வைத்து, துடுப்பால் அடித்துக் கொன்றுவிடுகிறான். அப்புறம் டிக்கியின் மோதிரம், துணிமணி, பெயர், மாதாமாதம் வரும் பணம் எல்லாம் இவனுடையது.

இதெல்லாம் புத்தகம் பாதியை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. என் கணக்குப்படி அங்கேயே சக்கையாகியிருக்க வேண்டும்.

என்னை முதலில் இழுத்துப் பிடித்தது கொலை இல்லை, ஒரு சில்லறைக் கணக்கு. அப்பா அம்மா இல்லாத டாமை வளர்த்தது ஓர் அத்தை. அந்த அத்தை அவ்வப்போது அனுப்பும் காசோலையின் தொகை 6 டாலர் 48 சென்ட், 12 டாலர் 95 சென்ட் என்று இருக்கும். மற்ற பில்லெல்லாம் கட்டியது போக மிஞ்சியதை இவன் பக்கம் தள்ளிவிட்டது போல. முப்பது வருஷம் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: ஒரு வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்பதைத் தொகையை வைத்தே சொல்லிவிடலாம். மகனுக்கு முழு எண்ணில் எழுதுவார்கள். இரண்டே தொகையில் ஒரு பிள்ளை வளர்ந்த விதத்தை எழுதத் தெரிந்தவரை மர்மக் கதை எழுத்தாளர் என்று ஒதுக்கியிருக்கிறேனே என்று அங்கேயே கொஞ்சம் கூசியது.

இன்னொன்று, கையெழுத்து. டிக்கியின் பணத்தை எடுக்க டாம் அவனுடைய கையெழுத்தைப் போடுகிறான். ஒரு கட்டத்தில் அந்தக் கையெழுத்தின் மீது சந்தேகம் கேட்டுக் கடிதம் வருகிறது. என் பிழைப்பே அதுதான். வாடிக்கையாளரின் மாதிரிக் கையெழுத்து இருக்கும் ஸ்பெசிமன் கார்டை ஒரு கையிலும் காசோலையை மறு கையிலும் வைத்துப் பார்ப்பது. நிஜக் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், அவசரத்தில் கோணும். கள்ளக் கையெழுத்து பல நேரம் அளவுக்கு மீறிச் சரியாக இருக்கும், பேனா நின்று நின்று போயிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும். அப்படிப்பட்ட நான், ராத்திரி பதினொன்றரை மணிக்கு, இந்தக் கள்ளக் கையெழுத்து எப்படியாவது தப்பிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். 'எல்லாம் என் கையெழுத்துதான்' என்று டிக்கியின் பெயரிலேயே டாம் பதில் எழுதிப் போட்டபோது, அப்பாடா என்று மூச்சு விட்டேன். என் மனைவி "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

துப்பறியும் கதையில் நாம் துப்பறிகிறவர் பக்கம் உட்கார்ந்திருப்போம். ஹைஸ்மித் நம்மை எழுப்பி எதிர்ப்பக்கம் உட்காரவைக்கிறார், அதுவும் நமக்குத் தெரியாமலே. கதை டாமின் தலைக்குள்ளேயே நடக்கிறது. போலீஸ் கதவைத் தட்டினால் நமக்கு வியர்க்கிறது.

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். கொலை எல்லாம் நடப்பதற்கு முன், டிக்கி வெளியே போன நேரத்தில், டாம் அவனுடைய அலமாரியைத் திறந்து உடையை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். தலையை அவனைப் போல வாரி, கண்ணாடி முன் நின்று அவன் குரலில் பேசிப் பார்க்கிறான். திரும்பினால் டிக்கி வாசலில் நிற்கிறான். என் துணியைக் கழற்று என்கிறான்.

புத்தகத்தை அந்த இடத்தில் மூடிவிட்டேன். 1977-இல் மதுரையில் பெரியப்பா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு சட்டை. பெரியப்பா மகனுக்கு ஒரு பீரோ. ஒருநாள் மத்தியானம் அந்த அண்ணனின் டெரிலின் சட்டையைப் போட்டு, கையில் அவருடைய ஹெச்.எம்.டி. கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு, பீரோ கண்ணாடி முன் நின்றேன். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. "கழட்டி வச்சிட்டு சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று சாப்பிடும்போது, அந்த வீடு தீப்பிடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாம் உயர்ந்த இலக்கியம் என்று சொல்லி ஆறு வருஷமாகப் படித்த எந்தப் புத்தகமும் இதைத் தோண்டி எடுக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ரோமில் டாமை டிக்கி என்று நம்பி விசாரித்த அதே போலீஸ் அதிகாரி, பிறகு வெனிஸில் டாமை டாமாகவே சந்திக்கிறார். அடையாளம் தெரியவில்லை. எங்கள் கிளையின் காவலாளிகூட இதைவிடக் கவனமாக இருந்தார். டிக்கியின் தோழி மார்ஜை எழுத்தாளர் கொஞ்சம் மட்டமாகவே நடத்துகிறார். டாமின் கண் வழியாகப் பார்ப்பதால் அப்படி என்று சொல்லலாம், எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் டாம் ஒளித்துவைத்த மோதிரங்களை அதே மார்ஜ் கண்டுபிடிக்கும் காட்சியைப் படித்துப் பாருங்கள். டாம் கையில் ஒரு ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்கிறான். அவன் ஏன் அதை எடுத்தான் என்று நமக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மார்ஜ் தானாகவே ஒரு தவறான முடிவுக்கு வந்து, அந்தத் தவறாலேயே உயிர் பிழைக்கிறார். ஷூ கீழே இறங்குகிறது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை, என் கால் சில்லிட்டுப்போனது.

1960-இல் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளெமான் இதைப் படமாக எடுத்தார். ஆலன் தெலான் ரிப்ளியாக நடித்தார். அதில் கடைசியில் குற்றம் வெளிப்பட்டு, அவன் மாட்டிக்கொள்ளப் போவதாக முடித்துவிட்டார்கள், நம் படங்களில் கடைசி ரீலில் ஜீப் வருவது போல. ஹைஸ்மித்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. சரிதான். நாவலில் என்ன ஆகிறது என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த அம்மையார் ரிப்ளியை வைத்து 1991 வரை மொத்தம் ஐந்து நாவல் எழுதினார் என்பதை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இந்த நாவலுக்காக அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர் சங்கம் கொடுத்த சான்றிதழைக் குளியலறையில் மாட்டி வைத்திருந்தாராம். அது பூஞ்சை பிடித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தன் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர் ரிப்ளி மற்றும்' என்று தானே எழுதிச் சேர்த்துவிட்டார். விருது அவனுக்குத்தான் போயிருக்க வேண்டுமாம். எழுதியவருக்கே அவன் மேல் அவ்வளவு பிரியம் என்றால் நான் எம்மாத்திரம்?

ஆகவே என் வேண்டுகோள்: அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு இந்த நாவலை எடுத்துக்கொள்வோம். பேச்சைத் தொடங்க வேண்டியவர் அந்த மாணவி, நான் இல்லை. கடைசி வரிசையிலிருந்து அவரை முன்னால் கூப்பிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் ராஜேஷ்குமார் நாவல் வாங்கி, என் கண்ணில் படாமல் செய்தித்தாளுக்குள் மடித்துக் கொண்டுவரும் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இனி மடிக்க வேண்டாம்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாணவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன், முதலில் கேட்பவருக்குத் தருகிறேன். வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் நான் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் வட்டத்தின் பொருளாளர்