முந்திரிக்கொட்டை இறங்குமுன் சர்வேயரை ஏற்பாடு செய்துவிடு

தூத்துக்குடி

அன்புள்ள கலியபெருமாள்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்த செய்தியை வாசித்துக் காட்டினேன், மேரிக்கு அவ்வளவு சந்தோஷம். தை மாதம் என்று எழுதியிருக்கிறாய். தேதி குறித்ததும் சொல், நாங்கள் குடும்பத்தோடு பண்ருட்டிக்கு வந்துவிடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? போன தடவை நான் அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

இனி உன் வியாபாரத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் இடைத்தரகரிடம் முந்திரிக்கொட்டை வாங்கிப் பருப்பு உடைத்த நீ, இப்போது ஐவரி கோஸ்டிலிருந்து நேரே இறக்கப் போகிறாய். நல்ல முடிவு. சரக்கைச் சோதித்து எழுதித் தருகிற சர்வேக்கு வந்த மூன்று கொட்டேஷனையும் அனுப்பி எது நியாயமான விலை என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் நிதானமாகப் படித்தேன். ஒருவர் கன்டெய்னருக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் டன்னுக்கு இவ்வளவு, மூன்றாமவர் ஆள் வந்து நிற்கும் நாளுக்கு இவ்வளவு. ஆனால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை, கலியா. முதல் ஆள் கதவில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கதவைத் திறந்து, மூட்டையை எண்ணிக் கொடுப்பார். இரண்டாமவர் எடை போடும்போது நிற்பார். மூன்றாமவர் மட்டும்தான் மூட்டையைக் குத்தி, கொட்டையை வெட்டி, ஈரம் பார்த்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் விலை அதிகம்தான். உனக்கு வேண்டியது அவர் செய்யும் வேலை.

அவுட்டர்ன் கணக்கு உனக்குத் தெரியாதது இல்லை. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்பதுதான் விலையே. அதை எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ மாதிரியை வெட்டுகிறார்கள் என்று வை. நல்ல பருப்பு 270 கிராம். புள்ளி விழுந்தது, சுருங்கியது 12 கிராம், அதைப் பாதியாக எண்ணினால் 6. மொத்தம் 276 கிராம். 80-ஆல் பெருக்கி 453.6-ஆல் வகுத்தால் 48.7 பவுண்டு வருகிறது. ஒப்பந்தம் 50 என்றால் 1.3 குறை. 16 டன் ஏறிய ஒரு கன்டெய்னர், டன்னுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று கணக்குக்கு வைத்துக்கொள், கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய் உன் கையை விட்டுப் போகிறது. பத்து கன்டெய்னருக்கு ஐந்து லட்சம். இந்த 276 கிராம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கதவோரம் இருக்கிற நாலு மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்தாலும் ரிப்போர்ட் அழகாக டைப் ஆகி வரும். ஆகவே விலை கேட்கும் முன்னால் இதைக் கேள்: எத்தனை மூட்டையில் குத்துவீர்கள், உள்ளே கடைசி வரிசை வரை போவீர்களா, மாதிரியை எத்தனை பங்காகப் பிரித்து சீல் வைப்பீர்கள்? உனக்கு ஒன்று, விற்றவனுக்கு ஒன்று, தகராறு வந்தால் பிரிக்க ஒன்று என மூன்று பங்காவது வேண்டும். இதற்கு வாயால் பதில் சொன்னால் போதாது, கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்.

ஐவரி கோஸ்டின் அபிஜான் துறைமுகத்தில் ஏற்றும்போதும் ஒரு சர்வே வை. அங்கே விற்பவன் வைத்த ஆளின் சான்றிதழ் வரும்தான். ஆனால் அவருக்குக் காசு கொடுப்பவன் விற்பவன். உனக்காக ஒருவர் அங்கே நின்றிருந்தால், இங்கே வந்து குறைகிறபோது கொட்டையே மட்டமா, வழியில் ஈரம் பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியும். இரண்டு முனையிலும் ஒரே முறையில் மாதிரி எடுக்க வேண்டும், அதையும் ஒப்பந்தத்தில் போடு.

ஈரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதில்தான் நம் ஆட்கள் நிறையப் பணம் விடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற கன்டெய்னரில் கொட்டை சரியாகக் காயாமல் ஏறியிருந்தால், அந்த ஈரம் ஆவியாகிக் கூரைத் தகட்டில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக மேல் வரிசை மூட்டையில் விழும். திறந்து பார்த்தால் சாக்கு கறுத்து, பூஞ்சை பூத்து நிற்கும். பார்க்கிறவர் உடனே கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்பார். சர்வேயர்களான நாங்கள் பையில் சில்வர் நைட்ரேட் கரைசல் வைத்திருப்போம். நனைந்த சாக்கில் இரண்டு சொட்டு விட்டால், உப்புத் தண்ணீராக இருந்தால் அந்த இடம் பால் போல வெளுக்கும். வெளுக்காவிட்டால் மழை அல்லது வியர்வை. பிறகு ஒரு ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கூரையில் எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் இருட்டில் நட்சத்திரமாகத் தெரிந்துவிடும். ஓட்டை இருந்தால் பொறுப்பு கப்பல்காரன் பக்கம் திரும்பும். ஓட்டையும் இல்லை, உப்பும் இல்லை, கொட்டையில் ஈரமும் அதிகம் என்றால், சரக்கின் சொந்தக் குணத்தால் வந்த கேடு என்று சொல்லி இன்சூரன்ஸ் கையை விரித்துவிடலாம். எல்லா ஆபத்துக்கும் பொருந்தும் என்று நினைத்து நீ வாங்குகிற ஐ.சி.சி. 'ஏ' என்கிற சரக்கு இன்சூரன்ஸ் பாலிசியிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது.

ஆகையால் சேதம் தெரிந்தால் ஒரு மூட்டையையும் நகர்த்தாதே. கதவை அப்படியே வைத்துப் படம் எடு, சீல் நம்பரைக் குறித்துக்கொள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கப்பல் ஏஜென்டுக்கும் அன்றே எழுத்தில் சொல்லி, இருவர் சர்வேயரையும் வைத்துக் கூட்டு சர்வே கேள். வெளியே தெரியாத சேதமாக இருந்தால், சரக்கு கைக்கு வந்த மூன்று நாளுக்குள் கப்பல்காரனுக்கு நோட்டீஸ் போக வேண்டும். வழக்குப் போட ஒரு வருடம்தான். சர்வே கட்டணத்தைப் பெரும்பாலும் முதலில் நீதான் கட்ட வேண்டியிருக்கும், கிளெய்ம் ஏற்கப்பட்டால் அதோடு சேர்த்துத் திரும்பக் கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வை.

நான் தினமும் கப்பலில் போய் என்னதான் அளக்கிறேன் என்று கேட்டிருந்தாய். எங்கள் துறைமுகத்துக்கு இந்தோனேசியாவிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வருகிறது. எழுபதாயிரம் டன்னை எந்தத் தராசில் போடுவது? கப்பலே தராசு. முன்னும் நடுவும் பின்னுமாக இரண்டு பக்கமும் ஆறு இடத்தில், கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற எண்ணைப் படிக்கிறோம். சரக்கு இறக்கும் முன் ஒரு தடவை, இறக்கிய பின் ஒரு தடவை. வித்தியாசத்திலிருந்து கப்பலை நிலையாக வைக்க ஏற்றும் பேலஸ்ட் தண்ணீர், எண்ணெய், குடிநீர் மாற்றங்களைக் கழித்தால் சரக்கு. இதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். கடல் பக்கத்து எண்ணைப் படிக்கப் படகில் இறங்க வேண்டும். அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், எண் மூழ்கி மூழ்கி எழும். பொறுமையாக நின்று பல தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்த அளவுக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ 66 டன் போல வேண்டும். கரி டன் எட்டாயிரம் என்றால், கண் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஐந்தேகால் லட்சம். நான் வாங்குகிற முழுக் கட்டணம் அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

தண்ணீரின் அடர்த்தியும் அப்படித்தான், அது குறைந்தால் கப்பல் இன்னும் ஆழமாக அமிழும். கடல் நீர் 1.025 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஆற்று நீர் கலக்கும் இடத்தில், உதாரணமாக மேற்கு வங்கத்து ஹால்டியாவில், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.020 காட்டினால், 85,000 டன் மொத்த எடையுள்ள கப்பலில் நானூறு டன்னுக்கு மேல் வித்தியாசம். இத்தனை கவனமாகச் செய்தாலும் டிராஃப்ட் சர்வே அரை சதவீதம் முன்பின் இருக்கும் என்பதுதான் உலகம் ஒப்புக்கொண்ட வரம்பு. அதற்குமேல் துல்லியம் என்று எவராவது சத்தியம் செய்தால் நம்பாதே.

மற்ற வகைகளில் உனக்கு வேலை இல்லை. கப்பலை வாடகைக்கு எடுக்கும்போதும் விடும்போதும் நிலைமையையும் தொட்டி எண்ணெயையும் பார்ப்பது ஒன்று, செலவைப் பெரும்பாலும் இரு தரப்பும் பாதிப் பாதி போட்டுக்கொள்வார்கள். சரக்கறையை மூடுகிற ஹேட்ச் மூடி தண்ணீரை உள்ளே விடுமா என்று அல்ட்ராசோனிக் கருவியால் கேட்டுப் பார்ப்பது ஒன்று. கப்பலின் தகுதிச் சான்றிதழுக்காக இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் (ஐ.ஆர்.எஸ்.) போன்ற, கப்பலின் தரம் பார்க்கும் கிளாஸ் நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஒரு முறையும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை முழுதாகவும் பார்ப்பது தனி.

உன் மச்சான் பழைய தோணியில் பங்கு வாங்க நினைப்பதாக எழுதியிருந்தாய். இங்கிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளை நீயே பழைய துறைமுகத்தில் பார்த்திருக்கிறாய். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தோணியைக் கரையேற்றி சர்வே பண்ணச் சொல். தண்ணீரில் மிதக்கிறபோது பார்த்த சர்வே பாதி சர்வேதான். பலகைக்குப் பலகை சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மொத்தென்று அடங்கும். ஆணியைச் சில இடத்தில் உருவிப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குத் தனி ஆள் வேண்டும். கரையேற்றும் கூலி சர்வேயர் கட்டணத்தைவிட அதிகமாகலாம், அதை யார் கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளட்டும்.

விலையைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். சர்வே கட்டணம் என்பது ஆளின் நேரம். அதன்மேல் பயணம், படகு வாடகை, ராத்திரி வேலை, லேப் செலவு, கப்பல் வராமல் காத்திருந்த நாள் எல்லாம் வரும். இவை 'தனி' என்று கொட்டேஷனில் சின்ன எழுத்தில் இருக்கிறதா பார். எல்லாம் அடக்கம் என்று சொல்லி அடிமட்ட விலை போடுகிறவர் ஏதோ ஒன்றை வெட்டியாக வேண்டும், அவரால் வெட்ட முடிந்தது நேரம் மட்டும்தான். இப்போது இங்கே போட்டியில் விலை சரிந்து, படிப்பு முடித்து வந்த பையன்களை ஒரே ராத்திரியில் இரண்டு கப்பலுக்கு அனுப்புகிறார்கள். களைத்துப்போன கண்ணால் அந்த அலையில் எண் படிக்க முடியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பையன்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு நேரம் கொடுத்தால் நன்றாகச் செய்வார்கள்.

மூன்றாமவரிடம் பேசு. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லாதே, குத்துகிற மூட்டையின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல். ஒப்பந்தத்தின் நகலை கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. அதில் எடை, அவுட்டர்ன், ஈரம் மூன்றுக்கும் எந்தத் துறைமுகத்து முடிவு இறுதி என்று எழுதியிருக்கிறதா பார்த்துச் சொல்கிறேன். முதல் கன்டெய்னர் இங்கே இறங்குவதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல், நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன். அதற்குக் காசு பேசாதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
அந்தோணி