அக்காவுக்கு, சாட்சி சொல்லப் போகும் முன்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் ஆண்டுத் திவசம் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் உங்களுக்கும் ஓர் இலை போட்டேன். மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன்: நீங்கள் இருக்கும் ஆசிரமத்தின் சாமிக்கு எதிரான வழக்கில் நான் சாட்சி சொல்லப் போகிறேன். உங்கள் தொலைபேசி இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியாததால்தான் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் இதை எழுத வேண்டியதாயிற்று. அதற்காக என்னை மன்னியுங்கள். வழக்கு நடப்பதால் அவருடைய பெயரையோ, அந்தப் பிள்ளைகளைப் பற்றியோ இங்கே எதுவும் எழுதமாட்டேன்.

ஊரில் உங்களைப் பைத்தியம் என்கிறார்கள். நான் அப்படி நினைத்ததே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு கல்லடியில் உங்களுக்கு என்ன மிஞ்சியது என்பதை உங்களிடமே சொல்லத் தேவையில்லை. முகாமாயிருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் உங்களை அழாதீர்கள் என்றோம். அவர் மட்டும் கஞ்சிக் கோப்பையை உங்கள் கையில் தந்துவிட்டு, பிள்ளையின் பெயர் என்ன, எதை விரும்பிச் சாப்பிடுவாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று கேட்டு, நீங்கள் சொல்லி முடியும்வரை எழும்பாமல் இருந்தார். அது பொய்யென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் ‘மக்கள் கோவில்’ என்ற சபையை நடத்திய ஜிம் ஜோன்ஸும் இண்டியானாபொலிஸ் நகரில் ஏழைகளுக்கு இலவசச் சோறு போட்டுத்தான் தொடங்கினார். கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே கூரையின் கீழ் இருத்தி வழிபட வைத்தார். அவரை நம்பியவர்கள் வீட்டைக் கொடுத்தார்கள், மாதாமாதம் வந்த உதவிப் பணத்தைக் கொடுத்தார்கள், அவரோடு தென்னமெரிக்காவின் கயானாக் காட்டுக்குப் போனபின் கடவுச்சீட்டும் அவர்கள் கையில் இல்லை. 1978 நவம்பர் 18ஆம் திகதி நஞ்சு கரைத்த பானம் வருவதற்கு முன்பே, நஞ்சு என்று சொல்லிக் கொடுத்ததை வரிசையில் நின்று குடித்துப் பழகியிருந்தார்கள். அன்று 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள். வீட்டைக் கொடுத்தவருக்குக் கடவுச்சீட்டைக் கொடுப்பது பெரிதாகத் தெரியாது, அக்கா. கொடுக்க மறுத்தால்தான், அப்படியென்றால் வீட்டை எதற்குக் கொடுத்தேன் என்ற கேள்வி எழும்.

உங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து சீதனமாக உங்களுக்கும் வந்த வீடு அது. அதில் எனக்கு ஒரு பங்கும் வேண்டாம் என்பதை இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன். ஆனால் வீட்டு உறுதிப்பத்திரத்தை உங்கள் சாமியின் பெயருக்கு மாற்றியபோது, அம்மா எங்கே படுப்பார் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? என் வாடகை வீட்டு விறாந்தையில் கிடந்துதான் அம்மா போனார்.

அன்று நீங்கள் வந்தீர்கள். ஆசிரமத்துப் பெண்கள் இருவர் படலையிலேயே நின்றுவிட, நீங்கள் மட்டும் உள்ளே வந்தீர்கள். பறை நின்றிருந்தது, பெட்டியை மூடப் போகிறோம், பெண்கள் வாய்க்கரிசி போடுங்கள் என்றார்கள். மூத்த மகள் என்று உங்களுக்கு வழிவிட்டோம். நீங்கள் அரிசியை அள்ளினீர்கள். அள்ளிய கையோடு என்னைப் பார்த்து, “சாமிக்கிட்ட ஒருக்காக் கேட்டுட்டு வாறன் புள்ள” என்றுவிட்டுப் படலைப் பக்கம் போனீர்கள். இடது கையில் தொலைபேசி, வலது கையில் அரிசி. அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் திரும்பி வந்து அரிசியைச் சுளகில் கொட்டப் பார்த்தீர்கள். வியர்வையில் ஒட்டிய மணிகள் விழவில்லை. ஒவ்வொன்றாக விரலால் தட்டிவிட்டீர்கள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மாவின் வாய்க்கு அருகில் நின்று தட்டிவிட்டீர்கள்.

அதற்காக உங்களை நெடுநாள் வெறுத்தேன். இன்றைக்கும் அந்த வெறுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்த அரிசியை அவரைக் கேளாமல் போட்டிருந்தால், அவரைக் கேளாமல் செய்யக்கூடியவை வேறும் உண்டு என்றாகியிருக்கும். அதன் பிறகு வீடும், இத்தனை வருடமும், எங்களோடு கதைக்காமல் இருந்ததும் எல்லாம் கணக்குக்கு வந்து நின்றிருக்கும். அந்தக் கணக்கைப் பார்க்கும் தைரியம் எனக்கே இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

தீர்ப்பு வந்தால் உங்கள் மனம் மாறும் என்றும் நான் எண்ணவில்லை. மாத்தளையில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் போய் ஆசிரமம் வைத்த பிரேமானந்தாவுக்கு, பாலியல் வன்புணர்வுக்காகவும் கொலைக்காகவும் 1997இல் இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் நாட்டிலிருந்து அநாதரவாகப் போன பிள்ளைகளும் அங்கே சீரழிக்கப்பட்டார்கள். மரபணுச் சோதனை அவருக்கு எதிராக நின்றது. 2005இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. 2011இல் கைதியாகவே இறந்தார். இன்றும் அவரை வணங்குகிறார்கள். ஆகவே உங்களை மீட்பதற்கென்று நான் கூண்டில் ஏறவில்லை; அங்கே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் மகனும் இருக்கிறான். அவனையும் நான் காட்டிக்கொடுப்பதாக அவர்கள் உங்களிடம் சொல்வார்கள்.

என்றைக்காவது நீங்கள் புறப்பட்டால், விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன், கேட்க மற்றவர்களை விடவும் மாட்டேன். அடையாள அட்டையை அவர்கள் வாங்கி வைத்திருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மகனைக் கூட்டிக்கொண்டு, வருகிற பஸ்ஸில் ஏறுங்கள். கிராம சேவையாளரிடம் சொல்லிப் புதிய அட்டைக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம்.

உங்கள் தங்கச்சி